குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி: விண்ணப்பிப்பதற்கு முன்னும் பணம் கட்டும்போதும் பார்க்க வேண்டியவை

தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்தவர்களுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நிறைய இருக்கிறது. எமிலி வார்ட் என்ற பெண்மணி 1892-லேயே லண்டனில் நார்லண்ட் என்ற பள்ளியைத் தொடங்கி, குழந்தைப் பராமரிப்பை ஒரு தொழிலாக முறைப்படி கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பள்ளி இப்போது இங்கிலாந்தின் பாத் நகரில் கல்லூரியாக நடக்கிறது. 3 ஆண்டுப் பட்டப்படிப்பு, அதன்பிறகு ஒரு குடும்பத்தில் சம்பளத்தோடு ஓர் ஆண்டுப் பணி, இரண்டையும் முடித்தால்தான் அங்கே முழுத் தகுதி கிடைக்கும்.

எல்லோருக்கும் அவ்வளவு நீண்ட படிப்பு தேவையில்லை. சில மாதப் பயிற்சியோடு நல்ல பராமரிப்பாளராக வந்தவர்கள் ஏராளம். ஆனால் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விளம்பரத்தைப் பார்க்கிறார்கள், போன் செய்கிறார்கள், முன்பணம் கட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழை யார் ஏற்றுக்கொள்வார்கள் என்ற கேள்வி அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதி இழப்பைத் தவிர்க்கலாம். முதலில் சான்றிதழின் மதிப்பு, பிறகு விண்ணப்பம், கடைசியில் பணம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இந்தக் கட்டுரையும் அதே வரிசையில்தான் போகிறது.

எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

குழந்தைப் பராமரிப்பு என்ற பெயருக்குள் பல வேலைகள் இருக்கின்றன. பிறந்த குழந்தையையும் தாயையும் முதல் சில வாரங்கள் இரவு பகலாகப் பார்த்துக்கொள்வது ஒன்று. பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் நடை பழகும் குழந்தையோடு இருப்பது வேறொன்று. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை அழைத்து வந்து, சாப்பிட வைத்து, வீட்டுப்பாடம் பார்ப்பதும் இந்த வேலைதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடும் உடல் வளர்ச்சியில் தனிக் கவனம் தேவைப்படும் குழந்தைகளோடும் வேலை செய்ய, அதற்கென்றே தனிப் பயிற்சி வேண்டும். குடும்பத்தோடு தங்கியா, தினமும் போய்வந்தா என்பதும் உங்கள் வாழ்க்கையை மாற்றும் முடிவு.

இதில் எது என்று தெளிவாகாமல் படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது. காப்பகத்தில் 20 குழந்தைகளைக் கவனிப்பதற்காக எழுதப்பட்ட பாடத்திட்டம், ஒரு வீட்டில் 3 மாதக் குழந்தையோடு தனியாக இருக்கப்போகும் உங்களுக்கு அரைகுறையாகத்தான் உதவும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பணம் செலவழிப்பதற்கு முன்னால், உங்கள் குடும்பத்தைச் சேராத ஒரு சிறு குழந்தையோடு சில முழு நாட்கள் இருந்து பாருங்கள். தெரிந்தவர் வீட்டிலோ, காப்பகத்தில் தன்னார்வலராகவோ இருக்கலாம். கூடவே பெரியவர் ஒருவர் இருக்கட்டும். ஒரே கதையைப் பத்தாவது முறை சொல்லும்போதும், துடைத்த இடத்தில் மறுபடியும் சாப்பாடு கொட்டும்போதும் உங்களுக்குப் பொறுமை மிஞ்சுகிறதா என்று அங்கேதான் தெரியும். அந்த அனுபவத்தை விண்ணப்பத்திலும் எழுதலாம்.

பயிற்சியின் படிகள்

பொதுவாக நான்கு அளவுகளில் பயிற்சிகள் கிடைக்கின்றன. குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சி ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரை நடக்கும் சான்றிதழ்ப் படிப்புகள் அடுத்தது. ஓராண்டு, ஈராண்டு டிப்ளமோக்கள் மூன்றாவது. பல்கலைக்கழகப் பட்டம் கடைசி.

என் யோசனை, முதலுதவியிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். மற்ற படிப்புகளோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. பல குடும்பங்கள் முதலில் கேட்கும் சான்றிதழும் அதுதான். பெரிய படிப்பில் சேராமலே போனாலும் அந்தத் திறமை வாழ்நாள் முழுக்க உங்களோடு இருக்கும். முக்கியமாக, ஒரு நல்ல பயிற்சி வகுப்பு எப்படி இருக்கும் என்று அந்த ஓரிரு நாட்களிலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடும். அதன்பிறகு மற்ற நிறுவனங்களை எடைபோடுவது எளிது.

பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்

எத்தனை மணி நேரம், அதில் எவ்வளவு செய்முறை, யார் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். சேர்ந்த பிறகுதான் பாடத்திட்டம் தருவோம் என்று சொல்லும் இடத்தை அப்போதே விட்டுவிடலாம்.

பாடத்திட்டத்தைப் பார்த்தால் போதாது, உள்ளே என்ன சொல்லித்தருகிறார்கள் என்றும் சோதிக்க வேண்டும். அதற்குச் சில கேள்விகள் போதும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்து, இருமக்கூட முடியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தலை தாழ்வாக இருக்கும்படி குழந்தையை முன்கையில் குப்புறத் தாங்கிப் பிடித்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, பிறகு திருப்பி மார்பின் நடுவே 5 அழுத்தம், இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்பது சரியான பதில். பெரியவர்களுக்குச் செய்வதுபோல அந்த வயதுக் குழந்தையின் வயிற்றை அழுத்தவே கூடாது. மூச்சு நின்ற குழந்தைக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 4 சென்டிமீட்டர், இறங்கும்படி அழுத்த வேண்டும். இதைப் பொம்மையில் கைவலிக்கச் செய்து பழகினால்தான் வரும். வீடியோ பார்த்து வராது. எனவே முதலுதவியை முழுக்க முழுக்க ஆன்லைனில் நடத்துகிறோம் என்பவர்களிடம் அந்தப் பாடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். குழந்தை வளர்ச்சி, சத்துணவு போன்ற பாடங்களை ஆன்லைனில் படிப்பதில் தவறே இல்லை.

அடுத்த கேள்வி தூக்கத்தைப் பற்றியது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், உறுதியான சமதளப் படுக்கை வேண்டும், தலையணையும் தளர்ந்த போர்வையும் பஞ்சுப் பொம்மையும் பக்கத்தில் இருக்கக்கூடாது. 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் இதற்காகப் பெரிய பிரசாரம் நடந்தது. அதன்பிறகு தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் அந்த நாடுகள் பலவற்றில் பாதிக்கும் மேல் குறைந்தன. இதைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லாத பராமரிப்புப் படிப்பை நான் படிப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

உணவிலும் இப்படிக் கேட்கலாம். பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால்தான் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் உள்ள தண்ணீரில் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கவே கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம். ஆசிரியரிடமிருந்து இதற்கெல்லாம் தயங்காமல் பதில் வரவேண்டும்.

இவற்றோடு வயதுவாரியான வளர்ச்சி நிலைகள், விளையாட்டு, குழந்தைமீது நடக்கும் வன்முறையின் அறிகுறிகளைக் கண்டுகொள்வதும் யாரிடம் தெரிவிப்பது என்பதும், பெற்றோருக்கு அன்றாடக் குறிப்பு எழுதுவது, உங்கள் உரிமைகளும் ஒப்பந்தமும் ஆகியவை பாடத்தில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். எத்தனை மணி நேர வேலை, வார விடுமுறை எப்போது, நோய்வாய்ப்பட்டால் என்ன என்று பேசத் தெரியாமல் வேலைக்குப் போனால், எவ்வளவு நன்றாகக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாலும் சீக்கிரமே சோர்ந்துபோவீர்கள்.

உண்மையான குழந்தைகளோடு எத்தனை மணி நேரம் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. எங்கே அனுப்புவார்கள், யார் மேற்பார்வை, அந்த நேரத்தைப் பதிவுப் புத்தகத்தில் யார் கையெழுத்திட்டுத் தருவார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிவுப் புத்தகம் வேலை தேடும்போது சான்றிதழைவிட அதிகம் பேசும்.

அங்கீகாரத்தை நீங்களே உறுதிசெய்யுங்கள்

ஒரு நிறுவனம் அரசிடம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்றால், அது சட்டப்படி தொழில் நடத்துகிறது என்று மட்டுமே பொருள். அவர்கள் நடத்தும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று ஆகாது. சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐஎஸ்ஓ 9001 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்கான தரநிலை. பாடம் நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. ஐஎஸ்ஓ அமைப்பு தானாக யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதும் இல்லை, வெளி நிறுவனங்கள்தான் சோதித்துக் கொடுக்கின்றன. மாண்டிசோரி என்ற குழந்தைக் கல்வி முறையின் பெயரும் இப்படித்தான். மரியா மாண்டிசோரி 1929-ல் தொடங்கிய சர்வதேச மாண்டிசோரி சங்கம் தன் பயிற்சிகளைக் கட்டுக்கோப்பாக நடத்துகிறது. ஆனால் அந்தப் பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டால் போதாது, எந்த அமைப்போடு இணைந்தது என்று கேட்க வேண்டும்.

சரி, எப்படி உறுதிசெய்வது? சான்றிதழை வழங்கும் அமைப்பின் பெயரையும், இந்தப் படிப்பின் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். பயிற்சி நிறுவனம் அனுப்பும் லிங்க்கை அழுத்தாமல், அந்த அமைப்பின் இணையதளத்தை நீங்களாகத் தேடி, அங்கே கொடுத்திருக்கும் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ கேளுங்கள். இன்ன நிறுவனம், இன்ன படிப்பு, உங்கள் பட்டியலில் இருக்கிறதா? இந்த ஒரு வரி போதும்.

அடுத்த சோதனை எதிர்முனையிலிருந்து. நீங்கள் வேலை செய்ய விரும்பும் ஊரில் பராமரிப்பாளர்களை வேலைக்கு அனுப்பும் இரண்டு மூன்று ஏஜென்சிகளைத் தொடர்புகொண்டு, எந்தச் சான்றிதழ்களை ஏற்கிறீர்கள், ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பயிற்சி நிறுவனத்தின் விளம்பரத்தில் போட்டிருக்கும் சம்பளத்துக்கும் இவர்கள் சொல்லும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவையுங்கள். கடன் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது இந்த எண்தான் தேவைப்படும். வெளிநாட்டில் வேலை செய்வதுதான் திட்டம் என்றால், அந்த நாட்டின் விசா விதியில் எந்தத் தகுதி எழுதப்பட்டிருக்கிறது என்று அந்த நாட்டு அரசின் தளத்திலேயே பாருங்கள்.

முடிந்தால் ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். முன்பு படித்தவர்கள் இருவரிடம் பேசுங்கள். நிறுவனம் பொறுக்கிக் கொடுக்கும் ஆட்களிடம் மட்டும் பேசினால் நல்லதே காதில் விழும். பயிற்சி முடித்து வெளியே வருபவர்களை வாசலில் பார்த்துப் பேசினால் உண்மை தெரியும். படிப்பு எப்படி என்று கேட்காதீர்கள். சான்றிதழ் எத்தனை நாளில் கைக்கு வந்தது, சேர்ந்த பிறகு புதிதாக ஏதாவது கட்டணம் கேட்டார்களா, இப்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள்.

விண்ணப்பம்

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, கடைசியாகப் படித்த படிப்பின் சான்றிதழ், புகைப்படம், மருத்துவத் தகுதிச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று, உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். எல்லா ஆவணங்களிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். ஒன்றில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். திருத்துவதற்கு நேரம் பிடிக்கும், எனவே இதை முதலில் தொடங்குங்கள்.

காவல்துறைச் சான்றைச் சில மாதங்களுக்கு மேல் பழையதாக இருந்தால் பல இடங்களில் ஏற்பதில்லை. ரொம்ப முன்கூட்டியே வாங்கினால் மறுபடியும் கட்டணம் கட்டி வாங்க வேண்டியிருக்கும். அதனால் சேரும் தேதி உறுதியான பிறகு விண்ணப்பியுங்கள். மருத்துவப் பரிசோதனையின்போது கக்குவான் இருமல், தட்டம்மை, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்குச் சாதாரண இருமலாக வந்து போவது பிறந்த குழந்தைக்கு உயிராபத்து ஆகலாம்.

எதைக் கொடுத்தாலும் நகலைக் கொடுங்கள். அசலைக் காட்டலாம், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டையோ அசல் சான்றிதழ்களையோ பயிற்சி முடியும்வரை நாங்கள் வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைக் கட்டாய உழைப்பின் அடையாளங்களில் ஒன்றாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கிறது. வீட்டுப் பணியாளர்கள் தங்கள் பயண, அடையாள ஆவணங்களைத் தாங்களே வைத்துக்கொள்ளும் உரிமையை அந்த அமைப்பின் 2011-ஆம் ஆண்டு 189-ஆம் உடன்படிக்கையும் சொல்கிறது.

விண்ணப்பக் கடிதத்தில் எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று எல்லோரும் எழுதுவார்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. நீங்கள் செய்ததை எழுதுங்கள். உதாரணமாக இப்படி:

"என் அக்காவின் மகளை அவள் 5 மாதக் குழந்தையாக இருந்ததிலிருந்து 2 வயது முடியும்வரை பகல் நேரத்தில் நான் கவனித்துக்கொண்டேன். உணவும் தூக்கமும் எந்த நேரத்தில் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து அக்காவுக்குக் காட்டுவேன். குழந்தைகளுக்கான முதலுதவிப் பயிற்சியை முடித்திருக்கிறேன். கைக்குழந்தைகளைக் கவனிக்கும் வேலைக்குப் போக விரும்புகிறேன். இரவு நேரப் பராமரிப்பிலும் வளர்ச்சி நிலைகளிலும் எனக்குப் பயிற்சி போதாது, அதற்காகவே விண்ணப்பிக்கிறேன்."

இவ்வளவு போதும். என்ன தெரியும், என்ன தெரியாது, எதற்காக வருகிறீர்கள் மூன்றும் இதில் வந்துவிட்டன. இல்லாத அனுபவத்தை எழுத வேண்டாம். பரிந்துரை கொடுத்தவரை அழைத்துப் பேசினால் அன்றே தெரிந்துவிடும், குழந்தை சம்பந்தப்பட்ட வேலையில் ஒரு பொய் போதும், கதவு மூடிவிடும்.

நேர்காணலில் கிட்டத்தட்ட எப்போதும் வரும் கேள்வி: குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை, என்ன செய்வீர்கள்? பசி, ஈரத்துணி, சூடு அல்லது குளிர், வலி, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன் என்பது பாதி பதில். மீதிப் பாதியைப் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். எனக்கே பொறுமை போகிறது என்று உணர்ந்தால், குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாக மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சில நிமிடம் தள்ளிப்போய் மூச்சுவிட்டு, தேவைப்பட்டால் பெற்றோரை அழைத்துவிட்டுத் திரும்பி வருவேன், எந்த நிலையிலும் குழந்தையைப் பிடித்து உலுக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். உலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுக் குழந்தை இறந்துபோகலாம், பார்வை போகலாம். தன் கோபத்தை அறிந்தவரைத்தான் நல்ல நிறுவனம் தேடுகிறது. இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள்

விளம்பரத்தில் உள்ள தொகை பயிற்சிக் கட்டணம் மட்டுமே. விண்ணப்பக் கட்டணம், தேர்வுக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம், சீருடை, புத்தகம், மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் தனி. பயிற்சி நாட்களில் வேறு வேலைக்குப் போக முடியாமல் இழக்கும் சம்பளமும் உங்கள் செலவுதான். சான்றிதழ் வாங்கும்வரை நான் கட்டவேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, இதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டீர்களா என்று மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி உட்கார வேண்டாம்.

சொந்தப் பணம் கட்டுவதற்கு முன்னால் உதவி கிடைக்குமா என்று தேடுங்கள். அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ இடம் இருக்கலாம். தொண்டு நிறுவனங்கள், மகளிர் குழுக்கள், பயிற்சி நிறுவனத்தின் உதவித்தொகை என்று பல வழிகள் உண்டு. உதவித்தொகை இருப்பதைக் கேட்டால்தான் சிலர் சொல்வார்கள், எனவே வெட்கப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு குடும்பத்தில் வேலை செய்பவராக இருந்தால், முதலுதவிப் பயிற்சியின் செலவை அவர்களிடமே கேட்கலாம். அவர்கள் குழந்தைக்குத்தானே அது நேரடிப் பயன்.

நாங்களே படிக்கவைக்கிறோம், பிறகு எங்களிடம் இத்தனை காலம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. இதை உடனே ஒதுக்கவும் வேண்டாம், உடனே கையெழுத்திடவும் வேண்டாம். எத்தனை மாதம், அந்த மாதங்களில் சம்பளம் எவ்வளவு, நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித்தர வேண்டும் என்று பாருங்கள். நீங்கள் வேலை செய்யச் செய்ய அந்தத் தொகை குறைந்துகொண்டே வரவேண்டும். 12 மாத ஒப்பந்தத்தில் 9 மாதம் முடித்தவர் முழுத் தொகையையும் கட்டவேண்டும் என்று இருந்தால் அது நியாயமில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டே போகும் கடன், ஆனால் எவ்வளவு மீதி என்று கணக்கு காட்ட மாட்டார்கள் என்றால், அது கடன் கொத்தடிமைத்தனத்துக்கு வழி.

கடன் வாங்கினால் வட்டி எப்படிப் போடப்படுகிறது என்று கேளுங்கள். 12,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீத நிலையான வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். வட்டி 1,440, மாதம் 1,120 கட்டவேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் முழு 12,000-க்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். எனவே குறையும் அசல்மீது வட்டி போடும் கடனைத் தேடுங்கள். தவணை, ஏஜென்சிகள் சொன்ன ஆரம்பச் சம்பளத்தில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வேலை கிடைக்க மூன்று மாதம் ஆனாலும் எங்கிருந்து கட்டுவது என்று யோசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நகையை அடகு வைத்தோ கந்துவட்டிக்கு வாங்கியோ இந்தப் படிப்பைப் படிக்கவே வேண்டாம். குறுகிய பயிற்சியை முடித்து வேலைக்குப் போய், அந்தச் சம்பளத்தில் அடுத்த படிப்பைப் படிக்கலாம்.

பணம் கட்டும் முறை

பணத்தைத் திருப்பித்தரும் விதிகளை முதலில் படியுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகினால் எவ்வளவு, தொடங்கிய பிறகு எவ்வளவு, அவர்களே வகுப்பை ரத்து செய்தால் என்ன என்ற மூன்றும் இருக்கவேண்டும். எந்தக் காரணத்துக்கும் திருப்பித்தர மாட்டோம் என்பது சிறிய விண்ணப்பக் கட்டணத்துக்குப் பொருந்தும். முழுக் கட்டணத்துக்கும் அப்படி எழுதியிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

தவணைகளை வகுப்போடு சேர்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள். நான் பரிந்துரைப்பது: சேரும்போது கால் பங்கு அல்லது அதற்கும் குறைவு, நடுவில் இரண்டு தவணை, கடைசித் தவணை செய்முறைப் பயிற்சி முடிந்து தேர்வு எழுதும் நேரத்தில். எல்லா நிறுவனமும் இதற்கு ஒப்புக்கொள்ளாது. ஆனால் கேட்டதும் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். முழுத் தொகையையும் முதலில் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். நிறுவனம் நடுவில் மூடினால் தள்ளுபடி உங்களைக் காப்பாற்றாது. இன்று மாலைக்குள் கட்டினால்தான் இந்த விலை என்று அவசரப்படுத்துபவரிடம், நாளை சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். நல்ல பயிற்சி நாளையும் இருக்கும்.

பணத்தை நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மேலாளரின் சொந்தக் கணக்கு, அவர் மனைவியின் மொபைல் எண் எதுவும் வேண்டாம். கார்டில் கட்டினால், சொன்ன சேவை கிடைக்காதபோது வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு பல இடங்களில் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் கையில் ரசீது மட்டும்தான் மிஞ்சும். ரசீதில் உங்கள் பெயர், படிப்பின் பெயர், தொகை, தேதி, எந்தத் தவணை என்பது, நிறுவன முத்திரை எல்லாம் இருக்கவேண்டும். அன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பயிற்சிக் கட்டணமும் வேலை வாங்கித்தரும் கட்டணமும் தனித்தனி

இந்த இரண்டையும் ஒரே தொகையாகச் சேர்த்துக் கேட்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய ஏமாற்று. பயிற்சி, விசா, வெளிநாட்டு வேலை எல்லாம் சேர்த்து இவ்வளவு என்பார்கள். பயிற்சி அரைகுறையாக முடியும், வேலை வராது, கேட்டால் பயிற்சிக்குத்தான் கட்டினீர்கள் என்பார்கள். வேலை தேடித்தருவதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, எல்லா நாடுகளும் அதில் கையெழுத்திடவும் இல்லை. எனவே உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று தொழிலாளர் துறையிடம் கேளுங்கள். 100 சதவீத வேலை உறுதி என்றால், எந்தக் குடும்பம், எந்த ஊர், என்ன சம்பளம், வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதித் தரச்சொல்லுங்கள். எழுதித் தராத உறுதிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

எல்லை தாண்டி வேலைக்குப் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமான வேலை அழைப்புக் கடிதமோ ஒப்பந்தமோ கையில் இருக்கவேண்டும் என்று முன்பு சொன்ன 189-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. அங்கே போய்க் கையெழுத்து போட்டுக்கொள்ளலாம் என்பதை ஏற்காதீர்கள்.

சேர்ந்த பிறகு

பாடத்திட்டத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்த வகுப்பை ஒவ்வொன்றாகக் குறித்து வாருங்கள். சொன்ன செய்முறை நேரம் குறைந்தால் அடுத்த தவணைக்கு முன்னால் எழுத்தில் கேளுங்கள். குழந்தைகளோடு இருந்த ஒவ்வொரு நாளையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி, அன்றே மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். குழந்தையின் பெயரையும் புகைப்படத்தையும் அதில் சேர்க்காதீர்கள், வயதை எழுதினால் போதும். ஒரு மாதம் கழித்து மொத்தமாகக் கையெழுத்து கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயரின் எழுத்து, படிப்பின் பெயர், மணி நேரம், சான்றிதழ் எண், வழங்கிய அமைப்பின் பெயர் எல்லாவற்றையும் அலுவலகத்தில் நின்றபடியே சரிபாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். பிறகு அந்த எண்ணை வழங்கிய அமைப்பின் தளத்தில் போட்டு, உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். முதலுதவிச் சான்றிதழ் வழக்கமாக 2 அல்லது 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அது முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பாகவே அலாரம் வைத்துவிட்டு, புதுப்பிக்கும் கட்டணத்தை உங்கள் முதல் சம்பளத்திலிருந்தே தனியாக ஒதுக்க ஆரம்பியுங்கள்.